ஒன்பதாம் வளைவில் வந்த ஆட்டோ

சாலை என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு தலையும் ஒரு வாலும் இருக்க வேண்டும், போனது போனபடி போவதற்கு அதுதான் வழி என்பது கிளிஞ்சமேட்டுக்காரர்களான எங்களுக்கு அந்த வருஷம் வரைக்கும் தெரியாது. கார்ப் பந்தயக்காரர்கள் வந்து, கூவம் கரையை ஒட்டிப் போகும் எங்கள் சாலையின் தலையை இழுத்துக்கொண்டுபோய் அதன் வாலோடு சேர்த்து, இரண்டு பக்கமும் இடுப்பளவுக்கு கான்கிரீட் கட்டைகளை அடுக்கி, கட்டைகளின் மேல் கம்பி வலை கட்டி, வலைக்கு மேலே ராத்திரியைப் பகலாக்கும் விளக்குகளை நட்டு, மூன்றரை கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஒரு வளையம் பண்ணி முடித்த பிறகுதான் தெரிந்தது. வளையமாகிவிட்ட சாலையில் போன எதுவும் போய்த் தொலைய முடியாது. சுற்றிக்கொண்டு திரும்பி வந்தே ஆக வேண்டும்.

சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு முதல் ஒத்திகை நடந்தது. பதினெட்டு கார்கள் காதைப் பிய்க்கிற சத்தத்தோடு கிளம்பிப் போயின, ஒரு சுற்று முடித்து வரும்போது பத்தொன்பது வண்டிகளாக வந்தன. பத்தொன்பதாவது, எப்போதோ நிறுத்தப்பட்ட தடத்தில் ஓடிக்கொண்டிருந்த பழைய சிவப்பு பஸ். படிக்கட்டில் ஒரு காலும் காற்றில் ஒரு காலுமாகத் தொங்கிய கண்டக்டர், "உள்ள போப்பா, உள்ள எடம் கீது பாரு" என்று அப்போதும் கத்திக்கொண்டிருந்தார். அடுத்த சுற்றில் எங்கள் தெரு மேரியின் வெள்ளாடு வந்தது, எட்டு வருஷத்துக்கு முன்னால் குப்பை லாரிக்குப் பின்னாலேயே போய்க் காணாமல் போன அதே ஆடு, வாயில் அதே வாழையிலைத் துண்டு. அதற்கடுத்த சுற்றில் ஒரு கல்யாண ஊர்வலத்தின் பேண்டு செட்டு வந்தது, பேண்டு செட்டுக்குப் பின்னால் ஒற்றைச் செருப்பு ஒன்று தானாகவே உருண்டு வந்தது.

செத்தவர்கள் வந்தார்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வரவில்லை. சுடுகாட்டுக்குப் போகிற பாதை பாலத்துக்கு அந்தப் பக்கம், அது வளையத்தில் சேரவில்லை. சேர்ந்திருந்தால் எங்களால் தாங்கியிருக்க முடியாது, அதற்காக அந்த வரைபடம் போட்ட என்ஜினீயருக்கு நாங்கள் இன்றைக்கும் நன்றி சொல்கிறோம்.

பந்தயக்காரர்களும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. மெதுவாகப் போகிறவன் பின்னால் வருகிறவனுக்கு ஒதுங்க வேண்டும் என்றால் நீலக்கொடி காட்டுவார்களாம், ஆட்டுக்கும் நீலக்கொடி காட்டினார்கள், ஆடும் சமர்த்தாக ஒதுங்கியது. இங்கிலீஷில் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்த வர்ணனைக்காரர், பதினாலாவது இடத்தில் இப்போது ஒரு ஆடு, அது வளைவுகளை அருமையாக எடுக்கிறது என்று சொன்னார். ராத்திரிக்குள் இரண்டு பக்கத்தில் ஒரு சுற்றறிக்கை வந்துவிட்டது: திரும்பி வருகிறவை யாவும் இடது ஓரமாக வர வேண்டும், ஹாரன் அடிக்கக் கூடாது.

எங்கள் பங்குக்கு நாங்களும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒன்பதாம் வளைவில், பெருக்குகிறவர்கள் உள்ளே போய்வருவதற்காக வலையில் ஒரு சின்னக் கதவு விட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவள், மாலையும் கழுத்துமாக வரும் பெண்ணும் மாப்பிள்ளையும், ஜெயிலிலிருந்து வருகிறவன் என்று யாராக இருந்தாலும் எங்கள் பக்கத்தில் ஆலம் சுற்றாமல் வாசற்படி ஏறக் கூடாது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த அந்தச் சிவப்புத் தண்ணீர்த் தட்டைக் கண்டால் எவ்வளவு அவசரக்கார டிரைவரும் பிரேக்கில் கால் வைத்துவிடுவான். அதனால், தங்கள் ஆளுக்காகக் காத்திருந்தவர்கள் அவரவர் வீட்டுத் தட்டோடு அந்தக் கதவருகில் வரிசை கட்டி நின்றார்கள். தட்டைப் பார்த்தால் வந்தது நிற்கும், ஆலம் சுற்றினால் கதவு வழியாக உள்ளே வந்துவிடும். சனிக்கிழமை ஒரே ராத்திரியில் வெற்றிலைக் கடைகளில் சுண்ணாம்பு தீர்ந்து போயிற்று.

வந்ததை எல்லாம் சேர்த்துக்கொண்டோம் என்றும் சொல்ல முடியாது. இட்லிக் கடை சம்பூரணத்தின் வீட்டுக்காரன், ஆறு வருஷம் முன்னால் வேறொருத்தியோடு போனவன், போன அதே சைக்கிளில் பெல் அடித்துக்கொண்டு வந்தான். சம்பூரணம் எட்டிப் பார்த்தாள், தட்டைக் கீழே வைத்தாள், பத்தாம் வளைவில் கொடி பிடித்து நின்ற இருதயராஜிடம் போனாள். அவர் வார நாட்களில் தபாலாபீஸ் ஊழியர், பந்தயப் பைத்தியம், கொடிச் சட்டங்களை மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்.

"சார், ஒருத்தன ஆட்டத்தவுட்டே தூக்கறதுக்கு இன்னா கொடி?"

"கருப்பு."

"அத்தக் காட்டு."

இருதயராஜ் காட்டினார். சைக்கிள் அடுத்த சுற்றில் வரவில்லை. சம்பூரணம் போய் மாவு ஆட்ட உட்கார்ந்தாள்.

பஜ்ஜிக் கடை கஜேந்திரனோ தட்டைக் கீழேயே வைக்கவில்லை. அவனுடைய அண்ணன் ஏகாம்பரம் பதினோரு வருஷம் முன்னால், தம்பியோடு வாய்த்தகராறு முற்றி, அந்தச் சாலை வழியாகத் துறைமுக வேலைக்கு என்று சொல்லிப் போனவன்; கடிதாசு இல்லை, போன் இல்லை. கை மரத்துப் போனால் தட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டு கஜேந்திரன் இரண்டு ராத்திரியும் நின்றான்.

நவநீதமும் நின்றாள். அவள் தூய்மைப் பணியாளர், பதினாறு வருஷமாக அந்தச் சாலையைத் தினமும் விடிவதற்குள் பெருக்குகிறவள். பந்தயத்துக்காக அவளுக்கு ஒரு ஆரஞ்சுச் சட்டையும் ஒரு புது விளக்குமாறும் கொடுத்து, கார்கள் நிற்கிற நேரத்தில் டயர்த் துணுக்குகளைக் கூட்டி அள்ளும் வேலையைத் தந்திருந்தார்கள். அவள் காத்திருந்தது சொந்தக்காரன் யாருக்காகவும் இல்லை. ஒரு ஆட்டோக்காரனுக்காக.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், கூவம் பொங்கிக் கிளிஞ்சமேட்டுக்குள் கழுத்தளவு வந்தபோது, நிறைமாதமாக இருந்த நவநீதத்துக்கு வலி எடுத்தது. வீட்டுக்காரன் துளசிங்கம் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டான், கூப்பிட்ட எந்த வண்டியும் வரவில்லை. அப்போது யாரோ ஒருவன், எங்கள் ஏரியாக்காரனே இல்லை, ஒற்றை ஹெட்லைட்டோடு ஆட்டோவை மேட்டில் நிறுத்திவிட்டு இறங்கி, தண்ணீருக்குள் நடந்து வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின் சீட்டில் படுக்க வைத்தான். அந்தச் சாலை முழுக்க நவநீதம் அவனைத் திட்டினாள். மேட்டில் ஏறினால் திட்டினாள், பள்ளத்தில் இறங்கினால் திட்டினாள், சோமாறி என்றாள், கஸ்மாலம் என்றாள், பட்டணத்தில் புழங்குகிற ஒரு வார்த்தையையும் மிச்சம் வைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கி ஸ்ட்ரெச்சரில் கிடத்தினபோது இடுப்பில் இடி இறங்கின மாதிரி ஒரு வலி எடுக்க, "நீ நல்லாவே இருக்க மாட்டேடா" என்றாள். அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

பிரசவ வலியில் ஒரு பொம்பளை சொல்லுகிற வார்த்தை பலித்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல அது. பிள்ளை பிறந்தது, தன்ஷிகா என்று பேர் வைத்தார்கள், நடந்தது, பள்ளிக்கூடம் போயிற்று, நான்காம் வகுப்பு வந்தது, அதன் ஒவ்வொரு பிறந்த நாளிலும் நவநீதத்துக்குத் தொண்டையில் சோறு இறங்காது. நம் பிள்ளையைப் பிழைக்க வைத்தவன் நம் வாயால் எங்கே கிடந்து அவதிப்படுகிறானோ என்று ஒவ்வொரு ஆட்டோ ஸ்டாண்டிலும் பெருக்குவதை நிறுத்திவிட்டு முகம் முகமாகப் பார்ப்பாள். கிடைத்தால் சொல்லுவதற்கு இரண்டே வார்த்தைதான் வைத்திருந்தாள். அதை அவன் முகத்துக்கு நேரே சொன்னால்தான் முன்னால் சொன்னது அழியும் என்று நம்பினாள், நாங்களும் நம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நிஜப் பந்தயம், முப்பது சுற்று. அதோடு முடிந்தது, திங்கட்கிழமை காலையில் கட்டைகளை எடுத்துவிடுவார்கள். பத்து சுற்று போயிற்று, ஆட்டோ வரவில்லை. பதினைந்து போயிற்று. "வரும் நவநீதம், பாதிதான ஆயிகீது" என்று கஜேந்திரன் சொன்னான், அவனுக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டான். அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டியபடியே தன்ஷிகா நின்றாள், மறுநாள் பரீட்சை, அங்கேயே உட்கார்ந்து படிக்கிறேன் என்று வந்தவள்.

பதினாறாம் சுற்றில், ஒன்பது கார்கள் போய்ப் பத்தாவது வருவதற்கு இருந்த இடைவெளியில், ஒற்றை விளக்கோடு ஒரு ஆட்டோ வந்தது. சாலை காய்ந்து கிடந்தது, ஆட்டோ மட்டும் நனைந்துகொண்டே வந்தது. அதன் கூரைக்கு மேல் அதற்கு மட்டுமான மழை பெய்துகொண்டிருந்தது. நவநீதம் தட்டை உயர்த்தினாள். ஆட்டோக்காரன் ஆலத்தைப் பார்த்ததும் வழக்கம்போல வேகத்தைக் குறைத்தான். அப்போதுதான் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"இன்னாத்துக்குடா ஸ்லோ பண்றே, சோமாறி? நான் இங்க சாவறேன், நீ நின்னு வேடிக்கை பாக்கறியா?"

ஒன்பது வருஷமாக அந்த ஆட்டோவின் முன் சீட்டையே நினைத்துக்கொண்டிருந்த நவநீதத்துக்குப் பின் சீட்டில் யார் இருந்தார்கள் என்பது ஞாபகத்துக்கே வரவில்லை. படுதாவின் இடுக்கில் தெரிந்தது அவளேதான். ஒன்பது வருஷத்துக்கு முந்தின நவநீதம், உதட்டைக் கடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"போ! நிக்காத, போ!" என்று நவநீதம் அலறினாள். கையை வீசினதில் தட்டு சாய்ந்து ஆலத் தண்ணீர் முழுக்க அவள் சட்டையில் கொட்டியது. ஆட்டோ போயிற்று.

போனது ஆஸ்பத்திரிக்கு இல்லை. ஆஸ்பத்திரித் தெரு அந்த ஒன்பதாம் வளைவிலிருந்துதான் பிரிகிறது, அதன் வாயை மூன்று கான்கிரீட் கட்டைகளால் அடைத்திருந்தார்கள். இந்த இரண்டு நாளுக்கு ஆம்புலன்ஸ்கள் பின்பக்க வழியாகப் போய்வர ஏற்பாடு, ஆனால் அந்த ஏற்பாடு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கிளம்பின ஆட்டோக்காரனுக்கு எப்படித் தெரியும்? கட்டையைப் பார்த்துத் திகைத்து, வளைவோடு வளைந்து அவன் மறுபடியும் சுற்றப் போனான். பதினேழாம் சுற்றிலும் வந்தான். அப்போது திட்டுக் குரல் கொஞ்சம் தேய்ந்திருந்தது.

"அம்மா" என்றாள் தன்ஷிகா, "கால் தரையில நிக்க மாட்டேங்குது."

குனிந்து பார்த்தோம். பிள்ளையின் செருப்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. பதினெட்டாம் சுற்றில் ஆட்டோ போனபோது அது ஒரு சாண் ஆயிற்று. ஏன் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை, எல்லோருக்கும் ஒரே சமயத்தில் புரிந்துவிட்டது: பின் சீட்டில் இருக்கிறவள் ஆஸ்பத்திரி போய்ச் சேராவிட்டால் இந்தப் பிள்ளை பிறக்கவே இல்லை. சம்பூரணம் ஓடிப் போய் அடுப்புக்கு வைத்திருந்த மூன்று செங்கல்லைக் கொண்டுவந்து பிள்ளையின் பையில் போட்டாள். இரண்டு பெண்கள் கவுனைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படியும் பிள்ளை காற்றில் ஆடிற்று.

நவநீதம் கதவைத் தள்ளிக்கொண்டு சாலைக்குள்ளேயே ஓடினாள். ஆட்டோவுக்கு வழி காட்ட வேண்டும், அந்தத் தெரு, அந்தத் தெரு என்று காட்ட வேண்டும், கையால் காட்டினால் தெரியாது என்று சட்டையைக் கழற்றி ரவிக்கையோடு நின்று தலைக்கு மேல் சுழற்றினாள். ஆலம் ஊறி அது செக்கச் சிவந்திருந்தது. பத்தாம் வளைவிலிருந்து பார்த்த இருதயராஜுக்கு ஒன்பதாம் வளைவில் செங்கொடி சுழல்வது தெரிந்தது. ஒரு வளைவில் செங்கொடி என்றால் எல்லா வளைவிலும் செங்கொடி, பந்தயம் நின்றாக வேண்டும், அது சட்டம். அவர் தன் செங்கொடியை எடுத்து ஆட்டினார், பதினொன்றாம் வளைவுக்காரர் ஆட்டினார், பன்னிரண்டு ஆட்டிற்று, அரை நிமிஷத்தில் மூன்றரை கிலோமீட்டரும் சிவப்பாயிற்று. யார் உத்தரவு கொடுத்தது என்று வயர்லெஸ்ஸில் கத்திக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஓரம்கட்டி என்ஜினை அணைத்தன. இரண்டு நாளாக இல்லாத நிசப்தம் கிளிஞ்சமேட்டில் வந்து விழுந்தது.

அந்த நிசப்தத்தில், வளையத்தின் எங்கோ தொலைவில், ஒற்றை ஆட்டோ சத்தம் மட்டும் கேட்டது. திட்டுச் சத்தம் கேட்கவில்லை.

"கட்டைய எடுக்கணும்" என்றாள் நவநீதம்.

எடுக்கலாம். ஆனால் எடுத்தால் வளையம் பிரிந்துவிடும், சாலை மறுபடியும் சாலையாகிவிடும், அதற்குப் பிறகு யாரும் வர மாட்டார்கள். தட்டோடு நின்ற இருபது முப்பது பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நவநீதம் யாரையும் கெஞ்சவில்லை. கஜேந்திரன்தான் முதலில் அசைந்தான். தட்டை ஒரு சொட்டுத் தண்ணி சிந்தாமல் கதவோரம் வைத்தான், லுங்கியை மடித்துக் கட்டினான், போய் முதல் கட்டையில் தோளைக் கொடுத்தான்.

"இன்னா பாத்துகினு கீறீங்க?" என்றான். "எங்கண்ணன் எங்கயோ நல்லாத்தான் இருப்பான். வாங்கப்பா!"

போனோம். ஒவ்வொரு கட்டையும் இரண்டு டன், கிரேன் வைத்து இறக்கினது. நாங்கள் நெருக்கித் தள்ளுவதைப் பார்த்துவிட்டுப் பந்தயக்காரர்கள் ஒவ்வொருவராகக் காரிலிருந்து எழும்பி, ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் ஓடி வந்து தோளைக் கொடுத்தார்கள். பனி பெய்யும் ஏதோ தேசத்திலிருந்து வந்த ஒரு பையன், நாங்கள் "ஐலசா" என்றால் அவனும் "ஐலசா" என்றான். முதல் கட்டை ஒரு அடி நகர்ந்தது. அப்புறம் இரண்டடி. அப்புறம் அது மல்லாந்து விழுந்தது. இரண்டாவதும் நகர்ந்தது, ஒரு ஆட்டோ நுழைகிற அளவுக்கு வழி விட்டது.

ஆட்டோ வந்தது. தன் மழையில் நனைந்துகொண்டு, தெருவின் வாயைப் பார்த்துவிட்டு, திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தது. ஒரு வளைவு எடுக்கிற நேரம்தான். நவநீதம் கூடவே ஓடினாள், ஓடிக்கொண்டே முன் சீட்டுக்காரனின் முகத்தைப் பார்த்தாள். அம்மைத் தழும்போடு சாதாரண முகம், எந்த ஸ்டாண்டிலும் பார்க்கக் கூடிய முகம்.

"அண்ணா, நீ நல்லா இருக்கணும்ண்ணா! நல்லா இருக்கணும்!"

அவன் முகத்து மழையைப் புறங்கையால் வழித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

"யாரு, இந்தப் பொண்ணுக்கு அக்காவாம்மா நீ? பயப்படாத. ஏறினதுலேர்ந்து திட்டிக்கினே வந்துது, எனக்கும் தெகிரியமா இருந்துச்சு. திட்றதுக்குத் தெம்பு கீதுன்னா பொழச்சிக்கும் இல்ல? இப்பதான் கொஞ்ச நேரமா கம்முனு ஆயிட்ச்சு. அதான் எனக்கு உசுரே போவுது."

நவநீதம் படுதாவைப் பற்றினாள். உள்ளே கண் சொருகிக் கிடந்தவளைப் பார்த்து, தன் தொண்டையில் இருந்த எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினாள்: "திட்டுடீ! அந்தாள திட்டுடீ!"

உள்ளே கிடந்தவள் கண்ணைத் திறந்தாள். மூச்சை இழுத்தாள்.

"பேசிக்கினே கீறான் பாரு, ஓட்றா கஸ்மாலம்!"

ஆட்டோக்காரன் சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை நாங்கள் பார்த்ததில்லை, பரீட்சையில் பாஸானவன் சிரிப்பது போல இருந்தது. கைப்பிடியை முறுக்கி, கட்டைகளின் நடுவே நுழைந்து, ஆஸ்பத்திரித் தெருவுக்குள் மழையோடு போனான். அதற்கப்புறம் சாலையில் எதுவும் வரவில்லை.

நவநீதம் அங்கேயே நடுச் சாலையில் உட்கார்ந்து அழுதாள். ஒன்பது வருஷம் தன்னைத் தின்ற வார்த்தையை அந்த ஆள் தைரியமாக எடுத்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறான் என்பதை நினைத்து நினைத்து அழுதாள், சந்தோஷத்தில்தான். அவனுக்கு, கட்டையைத் தள்ளினவர்களுக்கு, கொடியைத் தப்பாகப் பார்த்த இருதயராஜுக்கு, ரோட்டுக்கு, யாருக்கு என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் திரும்பிக் கும்பிட்டாள். பந்தயக்காரர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"பை கனக்குதும்மா" என்று தன்ஷிகா சிணுங்கினாள். அவள் கால் இரண்டும் தரையில் இருந்தது. கஜேந்திரன் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான், இரண்டு ராத்திரியாக அண்ணனுக்கென்று ஏந்தி நின்ற தட்டு. பிள்ளையைக் கிழக்கே பார்த்து நிற்கச் சொல்லி, மூன்று சுற்றுச் சுற்றினான், அவள் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தான், தண்ணீரை வளைவில் கொட்டினான்.

என்ஜின்கள் எல்லாம் அணைந்துதான் கிடந்தன. காற்று ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து அடித்தது. அந்தக் காற்றில் வந்தது ஒரு பச்சைக் குழந்தையின் அழுகை, வீல் வீலென்று, ஊரையே கூப்பிடுகிற மாதிரி.

தன்ஷிகா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"யாரும்மா அது அழுவறது?"

"நீதான்டி" என்றாள் நவநீதம்.